‘சமாதானம்’ என்றால் யாரும் கோபிப்பதில்லை

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் “உலக சமாதானத்துக்காக ஜெபிப்போம்” என்றால் சபை முழுக்க ஆமென் சொல்லும். யாருக்கும் முகம் சுளிக்காது, காணிக்கைத் தட்டும் வழக்கம்போலத் திரும்பி வரும். அதே போதகர் “நம் நாடு இப்போது நடத்துகிற இந்தப் போர் தப்பு” என்று சொல்லிப் பார்க்கட்டும். மகனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு வந்திருக்கும் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அது எப்படிக் கேட்கும்? பிரசங்கம் முடிந்ததும் வாசலில் கைகுலுக்க வருகிறவர்கள் குறைந்துபோவார்கள். அடுத்த வாரம் நிர்வாகக் குழுவிலிருந்து அழைப்பு வரும்.

மதத் தலைவர்களும் சபைகளும் போரை எதிர்ப்பது என்று நாம் பொதுவாகச் சொல்வது, உண்மையில், இந்த இரண்டாவது வகைப் பேச்சைத்தான். போர் என்பதே கெட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கு யாரும் பெரிதாக விலை கொடுத்ததில்லை. நடந்துகொண்டிருக்கிற ஒரு போரை, அதுவும் தன் தரப்பு நடத்துகிற போரைப் பெயர் சொல்லி எதிர்ப்பதில்தான் சிக்கல் எல்லாம் ஆரம்பிக்கிறது. அது எப்படி நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான உதாரணம் வியட்நாம் போர்க் காலத்து அமெரிக்கா. அங்கிருந்தே போகலாம்.

1967 ஏப்ரல் 4, நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயம். மூவாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். பேச வந்தவர் மார்ட்டின் லூதர் கிங். நாம் அவரைக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவராகவே நினைவில் வைத்திருக்கிறோம். தொழிலால் அவர் பாப்டிஸ்ட் போதகர். கூட்டத்தை நடத்தியது வியட்நாம் போரைப் பற்றிக் கவலைப்பட்ட குருமார்களும் பொதுநிலையினரும் சேர்ந்த ஓர் அமைப்பு. அதில் யூத ரபி ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் இருந்தார், லூத்தரன் போதகர் ரிச்சர்ட் ஜான் நியூஹாஸ் இருந்தார், கத்தோலிக்க இயேசு சபைப் பாதிரியார் டேனியல் பெரிகன் இருந்தார். சாதாரண நாட்களில் ஒரே மேடையில் பார்க்க முடியாத ஆட்கள்.

கிங் அன்று என்ன சொன்னார்? ஏழைகளுக்கென்று ஒதுக்கிய பணத்தை இந்தப் போர் உறிஞ்சிக்கொள்கிறது என்றார். அமெரிக்காவின் தென்மேற்கு ஜார்ஜியாவிலும் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமிலும் கிடைக்காத சுதந்திரத்தை எட்டாயிரம் மைல் தள்ளிப்போய்க் காப்பாற்றச் சொல்லிக் கறுப்பின இளைஞர்களை அனுப்புகிறோம் என்றார். உள்ளூர்ப் பள்ளியில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார முடியாத வெள்ளைப் பையனும் கறுப்புப் பையனும் வியட்நாமில் சேர்ந்து சாகிறார்கள் என்றார். அப்புறம், இன்று உலகத்தில் வன்முறையை மிக அதிகமாகப் பரப்புவது என் சொந்த அரசுதான் என்றும் சொன்னார். அந்த ஒரு வரிக்காகவே அவரைக் கடைசிவரை பலர் மன்னிக்கவில்லை.

அந்த உரையில் அதிகம் பேசப்படாத இடம் ஒன்று உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அப்போது அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை இருந்தது. மதகுருமார்களுக்கு அதிலிருந்து விலக்கு. அதாவது போதகர் எவ்வளவு வேண்டுமானாலும் போரை ஆதரித்தோ எதிர்த்தோ பேசலாம், அவரைத் துப்பாக்கி தூக்கச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். கிங் இளம் போதகர்களைப் பார்த்து, அந்த விலக்கை விட்டுக்கொடுங்கள், சாதாரண ஆட்களைப்போல வரிசையில் நின்று, போரிட மறுப்பவர்களாகப் பதிவு செய்யுங்கள் என்றார். நோகாமல் பேசுகிற வசதியையே அவர் கேள்வி கேட்டுவிட்டார்.

எதிர்வினை உடனே வந்தது. நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதிக் கண்டித்தது. வாஷிங்டன் போஸ்ட், தன் லட்சியத்துக்கும் நாட்டுக்கும் மக்களுக்கும் அவர் இதுவரை பயன்பட்டதைக் குறைத்துக்கொண்டார் என்று எழுதியது. உரிமைப் போராட்டத்தில் கூட இருந்தவர்களே, ரெண்டையும் கலக்காதீர்கள் என்றார்கள். அதிபர் ஜான்சனோடு இருந்த உறவு அறுந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து, 1968 ஏப்ரல் 4 அன்று, மெம்பிஸ் நகரில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். தேதி ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனால் அந்த ஒரு வருடத்தை அவர் எவ்வளவு தனியாகக் கழித்தார் என்பது தற்செயல் இல்லை.

சரி, ஒரு மதவாதி எந்த அடிப்படையில் போரை எதிர்க்கிறார்? கிறிஸ்தவ மரபில் இதற்கு இரண்டு பாதைகள் உண்டு. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் செய்திகளில் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் பாதை, எந்தப் போரும் ஆகாது என்பது. குவேக்கர்கள் என்று அழைக்கப்படும் நண்பர்கள் சபையும் மென்னோனைட் சபையும் இந்த வழியில் வந்தவை. 1661 ஜனவரியில் லண்டனில் வேறொரு குழு ஆயுதக் கலகம் செய்ய, அரசு குவேக்கர்களையும் சேர்த்துப் பிடித்துச் சிறையில் போட்டது. அப்போது அவர்கள் இரண்டாம் சார்ல்ஸ் மன்னருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். எந்தக் காரணத்துக்காகவும், எவருக்காகவும் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்பது அதன் சாரம். (அன்றைய இங்கிலாந்து நாட்காட்டியில் ஆண்டு மார்ச்சில்தான் பிறந்தது. அதனால் சில இடங்களில் 1660 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.) மூன்றரை நூற்றாண்டுகளாக அந்தச் சபை இந்த நிலையில்தான் இருக்கிறது. 1947இல் அவர்களுடைய பிரிட்டிஷ், அமெரிக்கச் சேவை அமைப்புகள் இரண்டுக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாம் பாதைக்கு ‘நியாயமான போர்’ கோட்பாடு என்று பெயர். பெயரைக் கேட்டால் போரை ஆதரிக்கிற கோட்பாடு மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு சோதனைப் பட்டியல். புனித அகுஸ்தினார் காலத்திலிருந்து வளர்ந்து வந்த இதை, 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் மூன்று கேள்விகளாகச் சுருக்கினார்: போரை அறிவிக்கிறவருக்கு அந்த அதிகாரம் உண்டா? காரணம் நியாயமானதா? நோக்கம் நேர்மையானதா? பின்னால் வந்தவர்கள் இன்னும் சேர்த்தார்கள். வேறு வழி எல்லாம் முயன்று பார்த்தாயிற்றா? வெல்ல வாய்ப்பு இருக்கிறதா, இல்லை வீணாக ஆட்களைச் சாகக் கொடுப்பதா? தீர்க்கப்போகிற கெடுதலைவிடச் செய்யப்போகிற கெடுதல் சிறியதாக இருக்குமா? சண்டை போடாத பொதுமக்களைத் தொடாமல் இருக்க முடியுமா? ஒரு கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தாலும் அந்தப் போரை ஒரு நல்ல கத்தோலிக்கர் ஆதரிக்கக் கூடாது. வியட்நாம் கிராமங்களில் நேபாம் என்ற, ஒட்டிக்கொண்டு எரியும் தீக்குண்டு விழுந்தபோது பல பாதிரியார்களை அசைத்தது அந்தக் கடைசிக் கேள்விதான்.

பட்டியலில் ஒரு தொல்லை, அதை நிரப்புகிறவர் கையில்தான் பேனா இருக்கிறது. 2002 அக்டோபரில், இராக் மீது போர் தொடுப்பது நியாயமான போரின் நிபந்தனைகளுக்குப் பொருந்துகிறது என்று அமெரிக்காவின் சுவிசேஷ சபைத் தலைவர்கள் ஐந்து பேர் அதிபர் புஷ்ஷுக்குக் கடிதம் எழுதினார்கள். அதே அளவுகோலை வைத்துக்கொண்டு கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) பொருந்தவில்லை என்றார்கள். போப் இரண்டாம் ஜான் பால், புஷ் குடும்பத்துக்கு நன்கு தெரிந்த கர்தினால் பியோ லாகியை 2003 மார்ச் 5 அன்று வெள்ளை மாளிகைக்கே அனுப்பிப் பேச வைத்தார். புஷ் உறுப்பினராக இருந்த மெதடிஸ்ட் திருச்சபையின் ஆயர்களும் எதிர்த்தார்கள். இரண்டு வாரத்தில் குண்டு விழ ஆரம்பித்தது. அணு ஆயுத யுகத்தில் இந்தப் பட்டியல் இன்னும் செல்லுமா என்ற சந்தேகம் வத்திக்கானுக்குள்ளேயே வளர்ந்து வந்தது. நியாயமான போர் என்று இனிப் பேசுவதே கடினம் என்கிற அளவுக்கு 2020இல் போப் பிரான்சிஸ் எழுதினார்.

இனி, இந்த இரண்டு பாதைகளையும் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். எந்தப் போரிலும் சேர மாட்டேன் என்கிற குவேக்கருக்கு அமெரிக்கச் சட்டம் விலக்கு கொடுத்தது. இவர்களை மனச்சாட்சி மறுப்பாளர்கள் என்பார்கள். நியாயமான போரில் சேர்வேன், இந்தப் போர் நியாயமில்லை, அதனால் வர மாட்டேன் என்கிற கத்தோலிக்கருக்கு? விலக்கு கிடையாது. அப்படி வாதாடிய ஒரு கத்தோலிக்கப் படைவீரரின் வழக்கும் சேர்ந்துதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1971 மார்ச் 8 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு: எல்லாப் போரையும் எதிர்த்தால்தான் விலக்கு, போர்களைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆக, தன் திருச்சபை நூற்றாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தபடி யோசித்துப் பார்த்தவருக்குத்தான் அடி.

அதே மார்ச் 8 இரவு நியூயார்க்கில் முகமது அலி ஜோ ஃப்ரேசியரோடு மோதித் தோற்றார். அலி குத்துச்சண்டை வளையத்துக்குத் திரும்பி வர ஏன் மூன்றரை வருடம் ஆனது என்பதும் இந்தக் கதைதான். நேஷன் ஆஃப் இஸ்லாம் அமைப்பின் மதப் போதகராக இருந்த அவர் 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டத்தைப் பறித்தார்கள். ஐந்து வருடச் சிறை, பத்தாயிரம் டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது; மேல்முறையீட்டில் வெளியே இருந்தார். அரசு சொன்ன காரணங்களில் ஒன்று, புனிதப் போர் வந்தால் நீ சண்டை போடுவாய்தானே, அப்படியானால் எல்லாப் போரையும் எதிர்க்கிறவன் இல்லையே என்பது. 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் எட்டு பேரும் ஒருமனதாக அவரை விடுவித்தது. அதுவும் கொள்கை அடிப்படையில் இல்லை. அவருடைய கோரிக்கையை எந்தக் காரணத்துக்காக நிராகரித்தோம் என்று மேல்முறையீட்டு வாரியம் சொல்லவே இல்லை என்ற நடைமுறைக் குறையில்தான்.

பேசியது போதாது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1967 அக்டோபரில் பாஸ்டனின் ஆர்லிங்டன் தெருத் தேவாலயத்தில் நடந்த ஆராதனையில், இளைஞர்கள் வரிசையாக முன்னே வந்து தங்கள் ராணுவப் பதிவு அட்டைகளைக் குருமார்களிடம் கொடுத்தார்கள். சிலர் பீடத்து மெழுகுவத்தியில் காட்டி எரித்தார்கள். காணிக்கை செலுத்துகிற மாதிரியே நடந்த காட்சி அது. 1968 மே 17 அன்று மேரிலாந்து மாநிலத்தின் கேட்டன்ஸ்வில் ஊரில் ஒன்பது கத்தோலிக்கர்கள் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குள் புகுந்து 378 கோப்புகளைக் கம்பிக் கூடைகளில் வாரிக்கொண்டு வாகன நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். பெட்ரோலும் சோப்புத் துகளும் கலந்து வீட்டிலேயே தயாரித்த நேபாமை ஊற்றிக் கொளுத்தினார்கள். ஓடவில்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு போலீஸ் வரும்வரை நின்றார்கள். ஒன்பது பேரில் டேனியல் பெரிகனும் அவர் தம்பி பிலிப்பும் உண்டு, இருவரும் பாதிரியார்கள். இரண்டு பேருக்கும் மூன்று வருடத்துக்குக் குறையாத தண்டனை.

குழந்தைகள் மேல் ஊற்றப்படுவது காகிதத்தின் மேல் ஊற்றப்பட்டால் மட்டும் ஏன் இவ்வளவு பதறுகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்கள் அன்று எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று கேட்டவர்களும் சபைகளிலேயே இருந்தார்கள். அந்தக் கேள்வியையும் என்னால் ஒதுக்க முடியவில்லை.

இதையெல்லாம் குண்டு போடுகிற நாட்டில் இருந்துகொண்டு செய்வது ஒரு விதம். குண்டு விழுகிற நாட்டில் இருந்துகொண்டு செய்வது வேறு விதம். வியட்நாமில் திக் நாட் ஹான் என்ற பௌத்தத் துறவி, குண்டடிபட்ட கிராமங்களைத் திரும்பக் கட்டுவதற்கு இளைஞர்களைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தார். எந்தத் தரப்பிலும் சேரவில்லை. எந்தத் தரப்பிலும் சேராதவரை இரண்டு தரப்பும் எதிராளி என்றே எடுத்துக்கொள்ளும். 1966 ஜூன் 1 அன்று அவர் வாஷிங்டனில் சமாதான யோசனைகளை முன்வைத்தார். தெற்கு வியட்நாமின் சைகோன் அரசு அவரைத் துரோகி என்றது. போர் முடிந்தபின் வந்த கம்யூனிஸ்ட் அரசும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 39 வருடம் கழித்து 2005இல்தான் சொந்த நாட்டில் கால் வைக்க முடிந்தது. கிங்கைப் போருக்கு எதிராகப் பேசும்படி தூண்டியவர்களில் இவரும் ஒருவர். 1967 ஜனவரியில் கிங் இவர் பெயரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். அந்த வருடம் அமைதிப் பரிசு யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

தலைவர் சொன்னால் சபை கேட்டுவிடும் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பதுண்டு. அப்படி இல்லை. முதல் உலகப் போரின்போது எல்லாத் தரப்பிலும் மதகுருமார்கள் தங்கள் படைகளை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார்கள். 1917 ஆகஸ்டில் போப் பதினைந்தாம் பெனடிக்ட், இது பயனற்ற படுகொலை, நிறுத்துங்கள் என்று எழுதியபோது இரு பக்கத்துக் கத்தோலிக்கர்களும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு உறுதியான குவேக்கர் சபையிலேயே, அந்தப் போரில் பிரிட்டனின் குவேக்கர் இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் படையில் சேர்ந்தார். பரம்பரையாகச் சொல்லிக்கொடுத்த சபைக்கே இந்த நிலை என்றால், திடீரென்று ஒரு ஞாயிறு எழுந்து நின்று பேசுகிற போதகர் எதை எதிர்பார்க்க முடியும்?

சில சமயம் தலைகீழாகவும் நடக்கும். சபையில் இருக்கிற ஒரு சாதாரண ஆள் ஆயரை முந்திவிடுவார். ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் அப்படி ஒருவர். ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடகுண்ட் என்ற சின்னக் கிராமத்தில் விவசாயி, ஊர்த் தேவாலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை வேலையும் பார்த்தவர். 1938இல் ஆஸ்திரியாவை ஹிட்லரின் ஜெர்மனியோடு இணைப்பதற்கு வாக்கெடுப்பு நடந்தபோது ஊரில் எதிர்த்து வாக்களித்த ஒரே ஆள். ஹிட்லரின் போரில் சண்டை போடுவது பாவம் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது அவருக்கு. ஆனாலும் ஒருவாட்டி கேட்டுவிடுவோம் என்று லின்ஸ் நகரத்துக்குப் போய் ஆயரைப் பார்த்தார். ஆயர், இதெல்லாம் உன் பொறுப்பு இல்லை, குடும்பத்தைப் பார் என்றார். வீட்டில் மனைவி ஃபிரான்சிஸ்கா, மூன்று சின்னப் பெண் குழந்தைகள். ஆயர் சொன்னதிலும் தப்புச் சொல்ல முடியாதுதான். ஃபிரான்ஸ் 1943 மார்ச்சில் படைமுகாமுக்குப் போய், சண்டை போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பெர்லின் சிறையில் அவரைப் பார்க்க வந்த ஆன்மிகக் குரு ஒருவர், ஒரு வருடத்துக்கு முன்பு ஒரு பாதிரியாரும் இதேபோல ஹிட்லருக்கு ராணுவ உறுதிமொழி எடுக்க மறுத்து உயிர்விட்டார் என்று சொன்னார். ஃபிரான்ஸ் ரைனிஷ் என்பது அந்தப் பாதிரியாரின் பெயர். அதைக் கேட்டதும் இந்த விவசாயிக்கு உண்டான சந்தோஷத்தைப் பற்றி அந்தக் குரு பின்னால் எழுதியிருக்கிறார். கோயிலில் எல்லோரும் ஒரு பக்கம் நிற்கும்போது தான் மட்டும் பைத்தியமோ என்று மாதக்கணக்கில் உழன்ற மனிதர் அவர்.

1943 ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க்கில் அவர் தலையை வெட்டினார்கள். கடமையை மறந்து குடும்பத்தைத் தவிக்க விட்டவன் என்றுதான் ஊரில் வெகுகாலம் பேசினார்கள். 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில், அன்று ஆயர் வீட்டுக்கு அனுப்பிவைத்த அதே நகரத்தில், திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது. 94 வயது ஃபிரான்சிஸ்கா அங்கே உட்கார்ந்திருந்தார்.